மாமாவின் டைம் அவுட்

மாமா நாற்காலியிலிருந்து எழும்பினார். இடது கையை நிமிர்த்திப் பிடித்து, அதன் விரல் நுனிகளின் மேல் வலது உள்ளங்கையைப் படுக்கையாக வைத்தார். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சைகை விளங்கும்: ஆட்டத்தை நிறுத்துங்கள், எங்களுக்கு நேரம் வேண்டும். பார்க்காதவர்களுக்கு, அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் மகனுடைய கலியாணப் பதிவில் திடீரென்று புத்தி பிசகி நிற்கிறார் என்றுதான் தோன்றும். பதிவாளர் பெண்மணிக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். இந்த இருவரும் மணம் செய்வதற்குச் சட்டப்படி ஏதாவது தடை இருப்பது யாருக்காவது தெரியுமா என்று அப்போதுதான் அவர் வாசித்து முடித்திருந்தார். வழக்கமாக யாரும் வாய் திறக்காத அந்தச் சின்ன இடைவெளியில்தான் மாமாவின் கைகள் உயர்ந்தன. அவர் போட்டிருந்த முழுக்கை பத்திக் சட்டையின் கைப்பொத்தானை அன்று பூட்ட மறந்துவிட்டார் போலும். துணி முழங்கைவரை வழுகி இறங்கியது. அதற்குள்ளே நரம்பு ஒன்று பெருவிரல் மொத்தத்துக்குத் தடித்து, புடைத்து, வளைந்து கிடந்தது. மாமாவின் கையைச் சட்டை இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, இளவயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் பட்டமும் ஃபுட்பால் பைத்தியமும் ஒன்றாக வாங்கிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். கவுன்சில் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு நோர்பரியில். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பாவுக்குக் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை. நானும் இவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்து, ஒரே பஸ்ஸில் போய்வந்து, விரும்பிக்கொண்டோம். அப்படிச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை இல்லையாம். ஆகவே சாதகம் பார்த்து, சொந்தம் விசாரித்து, தட்டு மாற்றி, எங்கள் காதலைக் கழுவித் துடைத்துப் பேசிச்செய்த கலியாணமாக்கிவிட்டார்கள். கோயில் கலியாணத்துக்கு முன்னால் 'எழுத்து' என்று எங்கள் ஆட்கள் சொல்லும் பதிவு. அதற்கு வசந்தத்தில் நாள் குறித்தார்கள்.

நாள் குறித்ததிலிருந்து குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நோர்பரிக்குப் போவது எங்கள் குடும்பக் கடமையாயிற்று. சம்பந்தி வீட்டோடு பழகவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. போனால் அங்கே பழகுவதற்கு ஆள் இருக்காது. ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிடும். மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் வாயில் ஓர் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா மனம் நொந்து போவாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் கொடுத்த தேத்தண்ணியில் பாதியை வைத்துவிடுவார், தட்டு மாற்றிய அன்று வாழைப்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே திருப்பித் தந்தார், எங்கள் வீட்டுக் கை அவருக்கு ஆகாதோ என்பாள். மாமி, அதாவது அவர் மனைவி, "அவருக்குக் கொஞ்சம் பிரஷர், அதான்" என்று சொல்லிச் சமாளிப்பார். பிரஷர் இல்லாத தமிழர் லண்டனில் யார்? நாங்களும் அதற்கு மேலே கேட்கவில்லை.

அப்பா வேறு வழியைப் பிடித்தார். ஆளோடு பேசமுடியாவிட்டால் ஆட்டத்தோடு பேசுவோம் என்று, கிறிஸ்மஸுக்குள் அந்த விளையாட்டைப் படித்துவிட்டார். படித்தார் என்றால் பாதி. மீதிப் பாதியைக் கோயில் நிர்வாகக் கூட்டங்களில் பழகிய வாயால் சரிக்கட்டினார். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பதுதான் விவாதம் என்று நம்புகிற மனிதர் என் அப்பா. மாமாவோ தான் சரி என்று கண்டதில் இம்மியும் நகராதவர். இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்தது எங்கள் விதி.

அவர்கள் மோதிக்கொண்டது ஒரே ஒரு விதியைப் பற்றித்தான். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும். ஒரு கட்சி ஒன்றிரண்டு புள்ளியால் பின்னுக்கு நிற்கும். பந்தைக் காலால் அடித்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போக்கினால் மூன்று புள்ளி, வெற்றி. அதற்கென்றே ஒருவன் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் சும்மா நின்றவன். அவன் மூச்சை இழுத்து, குறிபார்த்து, தயாராகி நிற்பான். அந்த நேரத்தில் எதிர்க்கட்சிப் பயிற்சியாளர் நைசாக நடுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பந்து நகர்வதற்குக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்னால் டைம் அவுட் கேட்பார். அடிக்கிறவனுக்கு விசில் கேட்காது. அவன் அடிப்பான். பந்து நேரே நடுவே போகும். துள்ளுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். நடுவர் கையை விசிறிக்கொண்டு வருவார்: செல்லாது, திரும்ப அடி. இரண்டாவது தடவை பல பேருக்குக் கால் நடுங்கும், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும். அந்த வருஷம் இப்படி நடந்து, பெரிய கூச்சல் கிளம்பியது. கட்சிகள் வரிசையாக நின்ற பிறகு டைம் அவுட் கேட்கக்கூடாது என்று விதியை மாற்றவேண்டும் என அமெரிக்காவில் ஒரு சாரார். ஆட்டத்தின் தந்திரமே அதுதான், தொடாதே என இன்னொரு சாரார். நோர்பரியிலும் அதே இரண்டு சாரார்.

"அடிச்சது உள்ள போயிடுச்சு. அத்தனை சனமும் பார்த்தாச்சு. அப்புறம் வந்து இல்லைன்னா என்னங்க நியாயம்?" என்பார் மாமா. "ஒரு மனுஷன் தயாராகி நிக்கிறப்ப நிறுத்தறது கோழைங்க செய்யற வேலை. ரூலை மாத்தியே ஆகணும்."

"அவைக்கு இருக்கிற உரிமையை அவை எடுக்கினம். அதில என்ன பிழை?" என்பார் அப்பா. "இன்னொண்டு சம்பந்தி. முதல்தரம் அடிச்சது கண்ணைக் கட்டிக்கொண்டு அடிச்ச மாதிரி. ரெண்டாந்தரம் அடிக்கேக்க காத்து எந்தப் பக்கம் எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சு அடிக்கிறதுதான் அடி."

"அப்படின்னா நிறுத்திக்கிட்டே இருக்கலாமே?"

"இருக்கட்டுமன். ஆர் வேண்டாமெண்டது?"

"முடியாதுங்க. ஒரு டீம் ஒரு தடவை நிறுத்தினா, பந்தை அடிக்கிறதுக்குள்ள அதே டீம் மறுபடி கேட்க முடியாது. கேட்டா பெனால்டி. பந்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய் வெச்சுடுவாங்க, அடிக்கிறவனுக்கு லேசாயிடும். ரூல் தெரியாம பேசாதீங்க."

ரூல் தெரியாம என்றது அப்பாவுக்குச் சுட்டுவிட்டது. தை மாதக் குளிரில் ஒரு ஞாயிறு, குரல்கள் ஏறி ஏறி, மாமா திடீரென்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஆட்டம் பாதியில் நின்றது. அந்த மனிதர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம். மாமியின் முகம் வெளிறிவிட்டது. "விளையாட்டுக்குப் போய் ஒரு மனிசன் இப்பிடிக் கோபப்படுமோ? இந்த வீட்டில பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்று திரும்பி வரும்போது ரயிலில் அம்மா அழுதாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு இரண்டு கிழவர்களையும் சேர்த்துக் கட்டித் தேம்ஸில் போடவேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கை ஒரு முட்டைவடிவப் பந்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எப்படியோ வசந்தம் வந்தது. பதிவு அலுவலகத்தில் எங்கள் பக்கம் சித்தப்பாமார், கடைக்காரர், ஊர்க்காரர் என்று ஒரு கூட்டம். அவர்கள் பக்கம் ஒரு கைப்பிடி. இவர் அன்று காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வெட்கம் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். மாமா மட்டும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும் முன்பு மகனின் காதில் ஏதோ கேட்டார், இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் பார்த்தேன்; பார்த்தும் விளங்கவில்லை. பிறகு நாற்காலி வரிசைகள், பதிவாளரின் கேள்வி, மாமாவின் கைகள்.

"டைம் அவுட்," என்றார் மாமா, ஆங்கிலத்தில், மிக மெதுவாக. பதிவாளர் பேனாவை மூடினார். சட்டப்படி ஏதும் தடை இருக்கிறதா என்று கேட்டார். சட்டப்படி இல்லை, பத்து நிமிஷம் வேண்டும், அவ்வளவுதான் என்றார் மாமா. வெளியே அடுத்த சோடி காத்திருக்கிறது, அதற்குமேல் தர முடியாது என்றார் பதிவாளர்.

வெளி மண்டபத்துக்கு வந்ததும் அப்பா வெடித்தார். அவர் அப்படிக் கத்தி நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள், கோழையள் செய்யிற வேலை எண்டு! என்ர பிள்ளையைச் சபையில நிப்பாட்டி வைச்சு இந்த விளையாட்டு விளையாடுறீங்களோ? சீதனம் போதாதோ? என்ன காணாது, சொல்லுங்கோ!" சித்தப்பாமார் மாமாவைச் சுற்றி நின்றார்கள். கையோங்க ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. மாமா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். இவரின் தோளைப் பிடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "சொல்லு," என்றார். "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

படிக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன நடைவழி இருந்தது. அங்கே நானும் இவரும், இரண்டு அடி தள்ளி மாமாவும். இவர் சொன்னார். மாமாவுக்குப் பிரஷர் மட்டும் அல்ல. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். கையில் நான் கண்ட அந்தத் தடித்த நரம்பு அதற்காக வெட்டி இணைத்தது. ஐஸ்கட்டியும் பாதித் தேத்தண்ணியும் தண்ணீர் அளந்து குடிக்கவேண்டியதால். வாழைப்பழம் அவருக்கு ஆகாத சாமான். இவ்வளவையும் கேட்டு நான் பரிதாபப்படத் தொடங்கும்போதே அடுத்ததைச் சொன்னார். இந்த வருத்தம் பரம்பரை நோய். பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். எழுத்துக்கு முன்னால் என்னிடம் சொல்வதாக மாமாவுக்கு வாக்குக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் இந்தக் காலையும் வந்துவிட்டது.

இரண்டு வீட்டாரும் கிரகம் பார்த்தோம், தோஷம் பார்த்தோம், எந்த ஊர், யார் வழி என்று மூன்று தலைமுறையைத் தோண்டினோம். உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது எங்களில் வழக்கம் இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று சொல்லி வளர்ந்த ஆட்கள். வீட்டு வருத்தம் வெளியே தெரிந்தால் பெண் குடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள் என்று மூடிவைப்பதில் ஈப்போவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வித்தியாசமே இல்லை. எனக்கு வந்த கோபம் வருத்தத்தின் மேல் இல்லை. தினமும் ஒரே பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தவர் இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாய்ந்தார் என்றுதான் கோபம். கன்னத்தில் அறைந்திருப்பேன். கை நிறைய மருதாணி, அதற்கு மேல் வளையல்.

மாமாவிடம் திரும்பினேன். "இதை நேற்றே நீங்கள் சொல்லியிருக்கலாம்தானே மாமா. இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை ஏன்?"

"நேத்து அவன் சொல்லிடுவான்னு நம்பினேன்மா. இன்னிக்குக் கார்ல வர்றப்பவும் நம்பினேன். அந்தம்மா கேள்வி கேக்கறப்பதான் தெரிஞ்சுது, இவன் சொல்ல மாட்டான்னு." சட்டைக் கையை இழுத்து இறக்கி நரம்பை மூடினார். "நான் செஞ்சது சரின்னு சொல்லல. என் கையில வேற ஒண்ணும் மிச்சம் இல்ல."

மண்டபத்துக்குத் திரும்பி வந்து அப்பாவை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் இன்னொரு தடவை வெடிப்பார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி இழுத்துக்கொண்டு போகட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது. முடிவெடுக்கிற வேலை இராது. அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா தூரத்தில் தனியாக, சுவரோடு நின்றார். பிறகு அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பிள்ளை, இப்ப உனக்குக் காத்துத் தெரியும். அடிக்கிறதெண்டால் அடி. விடுறதெண்டால் விடு. ரெண்டில எது எண்டாலும் நான் உன்ர பக்கத்தில நிக்கிறன்."

குளிர்காலம் முழுக்க வாய்க்கு வந்ததை எல்லாம் அளந்த மனிதர் அந்த ஒரு வரியைத் தெரிந்துதான் சொன்னார். பதிவாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த சோடியின் ஆட்கள் பூங்கொத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். இவர் நடைவழி வாசலிலேயே நின்றார், கிட்ட வரும் தைரியம் இல்லாமல். நான் போய், "கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமை நீங்கள் இரத்தம் சோதிக்கிறீங்கள். நானும் வருவன். ஓமெண்டால் உள்ளுக்கு வாங்கோ" என்றேன். இவர் வந்தார். பதிவாளர் முதலிலிருந்து வாசித்தார். தடை ஏதும் உண்டா என்ற இடம் வந்தபோது அறை முழுக்க மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் அமர்ந்திருந்தார்.

மாமா ஏன் அந்த விதியைப் பற்றி அவ்வளவு கொதித்தார் என்று பிறகுதான் மாமி சொன்னார். அந்தக் குளிர்காலத்துக்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. பொருந்துகிற சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று. உடுப்பு மாற்றி, கையில் ஊசி ஏற்றி, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்த பிறகு, கடைசிச் சோதனையில் அந்தச் சிறுநீரகம் சரிவராது என்று தெரிந்திருக்கிறது. யார்மேலும் பிழை இல்லை. ஊசியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தயாராகி நிற்கிற மனிதனை நிறுத்துவது என்று அவர் சோபாவில் இருந்து கத்தியது பந்தடிக்கிறவனைப் பற்றி மட்டும் அல்ல. அது தெரியாமல் அப்பா ஞாயிறுதோறும் அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தார். தெரிந்த அன்று அப்பா கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு நோர்பரிக்குத் தனியாகப் போனார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சண்டை போட்டார்கள், ஆனால் அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துச் சண்டை போட்டார், மாமாவின் முகத்தைப் பார்த்து அல்ல.

மாமாவுக்கு மறுபடி அந்தத் தொலைபேசி வரவேயில்லை. கடைசிவரை இயந்திரத்தோடு போனார். கடைசிவரை விதியை மாற்றவேண்டும் என்றே வாதாடினார். "நீங்களே செய்தனீங்கள்தானே மாமா" என்று நான் சீண்டினால், "அதனாலதான்மா சொல்றேன். செஞ்சவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு தப்பான ஆட்டம்னு" என்பார். விதி இன்றுவரை மாறவில்லை. அவர் போன பிறகு எங்கள் வீட்டில் ஞாயிறு ஆறு மணிக்கு அப்பாதான் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் போடுகிறார்; டைம் அவுட் வரும்போது மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

இவரின் சோதனை முடிவு எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. பல வருஷம் அது சும்மா கிடந்தது, பிறகு கிடக்கவில்லை. இவர் கையிலும் அதே நரம்பு ஏறியது. எங்கள் மகளுக்கு விளங்கும் வயது வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவளுடைய எழுத்தில் யாரும் எழும்பிக் கைகாட்டவேண்டி வராது. என் சிறுநீரகம் ஒன்றை இவருக்குக் கொடுக்கலாமா என்று, என் இரத்தமும் இவர் இரத்தமும் பொருந்துமா என்று பார்த்தார்கள். சாதகத்தில் பொருந்தாத ஏதேதோ இருந்தது என்று ஐயர் அந்தக் காலத்தில் இழுத்தது நினைவிருக்கிறது. இது பொருந்தியது.

போன மாதம் ஒரு காலை. கொடுக்கிறவளை முதலில் கொண்டுபோவார்கள். முதுகில் நாடா கட்டிய ஆஸ்பத்திரி உடுப்போடு நான் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மயக்கமருந்து ஏறும்வரை எந்த நிமிஷமும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம் என்று தாதி இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல நான் வீராங்கனை இல்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு இவர் வந்தார், அதே மாதிரி உடுப்பில். என் கட்டிலுக்குக் கிட்ட வந்து நின்றார். பிறகு இடது கையை நிமிர்த்தினார். உடுப்பின் கை முழங்கைவரை வழுகியது. தடித்து வளைந்த நரம்பின் மேலே, விரல் நுனிகளில், வலது உள்ளங்கையைப் படுக்கையாக வைத்தார். கண் நிறைந்திருந்தது.

அந்தப் பதிவு அலுவலகத்தில் எழும்பி நின்ற மாமாவைப் போலவே இருந்தார், அதே உயரம், அதே கை. நான் அந்த வலது கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"உங்கட பக்கம் ஏற்கெனவே ஒருக்கா எடுத்தாச்சு," என்றேன். "மாமா எடுத்திட்டார். திரும்பக் கேட்க ஏலாது. கேட்டால் பெனால்டி."

தாதி வந்து, போவோமா என்று கேட்டாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழும்பினேன்.